பையில் என்ன இருந்தது

தவராசாவின் வாய் பொல்லாத வாய் என்பது ஆக்லாந்தில் ரானுயியிலிருந்து பாபகூரா வரைக்கும் எங்கள் சனம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பதினெட்டு வருடம் லொறி ஓட்டியவர். அகதியாக நியூசிலாந்துக்கு வந்து, கோழி வெட்டும் தொழிற்சாலையின் குளிரறைக்குள் இன்னொரு பதினெட்டு வருடம் நின்றவர். மனிதரை நம்பாதே என்ற ஒரு பாடத்தைத்தான் படித்தார், அதை மறக்கவேயில்லை. வீட்டுக்கு ஆங்கிலக் கடிதம் ஏதும் வந்தால் மூன்று பேரிடம் தனித்தனியே வாசிக்கக் கொடுப்பார். மூன்று பேரும் ஒன்றையே சொன்னால், மூன்று பேரும் முதலே கதைத்து வைத்துவிட்டார்கள் என்பார்.

அந்த மனிதரிடம் போய் ஒருவர் சம்பந்தம் விசாரிக்க நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பாபகூராவிலிருந்து இரத்தினசிங்கம் போன் எடுத்தார். கோயிலில் கண்டால் தலையாட்டிக்கொள்ளும் அளவு பழக்கம்.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை உங்கட வீட்டுப் பக்கம் ஒருக்கா வரட்டே?"

"என்ன விசயம்?"

"எங்கட சுகந்தினிக்கு ஒரு பேச்சு வந்திருக்கு. கிளென் ஈடன் பொடியன், வசீகரன். உங்கட மகனோட ஒண்டாத் திரிஞ்சவனாம். வேலை, வீடு, மோர்கேஜ் எல்லாம் விசாரிச்சிட்டன். குணத்தை உங்களிட்டத்தான் கேக்க வேணும்."

தவராசா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். பிறகு, "வா, சொல்லுறன்" என்று வைத்துவிட்டார்.

மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் இந்தக் காலத்தில் போனைத் தட்டினால் பார்த்துக்கொள்ளலாம். குணத்தை மட்டும் நாலு பேரின் வாயால்தான் கேட்பார்கள். கேட்கப்பட்டவர் ஒரு சொல் குறைத்துச் சொன்னால் போதும், அந்தப் பேச்சு அத்தோடு சரி. போன வருடமும் இதே வசீகரனுக்கு ஹென்டர்சனில் ஒரு பேச்சு வந்தது. பெண்ணின் தகப்பன் கோயில் வாசலில் வைத்துக் கேட்டபோது தவராசா நாலு பேர் கேட்கச் சொன்னார்: "கூட்டாளியைச் சாகவிட்டிட்டு மலையால இறங்கி வந்தவன். பெண்டிலை எங்க விட்டிட்டு வருவானோ ஆர் கண்டது?" அடுத்த கிழமை அந்தப் பேச்சு நின்றுபோனது. வசீகரன் கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினான்.

தவராசாவின் மனைவி யோகராணி குசினிக்குள் நின்று போன் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னும் எத்தினை தரம் அந்தப் பிள்ளையின்ர குடியைக் கெடுக்கப் போறியள்?"

"நான் உள்ளதைச் சொல்லுறன்."

"உள்ளதோ? கண்ணால கண்டனீங்களோ?"

"கண்டவன் பொய் சொல்லுறான். அதுதான் சொல்லுறன்."

"அப்ப போய்ப் பாருங்கோ. அந்த மலை எங்கையும் ஓடிப்போகேல்லை. ரெண்டு வருசமாப் போகாமல் இருந்துகொண்டு வாயால வெட்டுறியள்."

தவராசா போகாததற்குக் காரணம் இருந்தது. அதை யோகராணியிடம் சொல்லும் மனிதர் அவர் அல்ல.

மகன் பிரணவன் செத்து இந்த மாசியோடு இரண்டு வருடம். முப்பதாவது வயதில் போனான். நல்ல மின்சார வேலைக்காரன். அவனுக்குப் பிடித்த விசர் ஸ்கீ. காலில் இரண்டு பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குவது. குளிர்காலத்தில் சறுக்கினால் சரி, ஊர் உலகமெல்லாம் சறுக்குகிறது. இவனும் வசீகரனும் இந்த நாட்டில் கோடை முடிகிற மாசியில், மலையில் எங்கோ நிழலுக்குள் கிடக்கிற பழைய பனியைத் தேடிப் போனார்கள். போனவர் இருவர், வந்தவர் ஒருவர்.

வந்தவன் பொலிசுக்கும் சொன்னான், இவர்களுக்கும் சொன்னான்: பனியோரத்தில் இருந்து சாப்பிட்டோம், காட்டாடுகள் வந்தன, ஒரு கிடாய் பிரணவனின் பையை இழுத்துக்கொண்டு போனது, அவன் அதைத் துரத்தினான், இறுகின பனியில் சறுக்கி விழுந்தான், கீழே பாறை.

தவராசா அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பையில என்ன இருந்தது?"

வசீகரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "சாண்ட்விச், அங்கிள்."

அந்த ஒரு பதிலில்தான் தவராசா பிடித்துக்கொண்டார். முப்பது வயது ஆம்பிளை, மலையில் கால் வைக்கத் தெரிந்தவன், ஒரு துண்டுப் பாணுக்காக ஆட்டைத் துரத்திக்கொண்டு ஓடிச் சாவானா? நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவன் பொய்தான் சொல்கிறான். சண்டை பிடித்திருப்பார்கள். அல்லது விழுந்தவனை விட்டுவிட்டு இவன் தன் உயிரைப் பார்த்திருப்பான். ஆடாம் ஆடு!

இதற்குள் வேறொரு சங்கதியும் இருந்தது. பிரணவன் போனதிலிருந்து கராஜுக்குள் ஒரு சத்தம். டக், டக் என்று, சீமெந்தில் கெட்டியான எதையோ வைத்து வைத்து எடுப்பதுபோல. அவன் ஸ்கீ சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கராஜுக்குள் நடந்து பார்க்கும்போது அதே சத்தம்தான் வரும். தவராசா பேயை நம்புகிற ஆள் இல்லை. இரவில் கூரைக்குள் புகுகிற பொசம் பிராணியாக இருக்கும் என்று பொறி வைத்தார். ஒன்றும் அகப்படவில்லை. யோகராணிக்குக் கேட்கிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால், கேட்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். மலைக்குப் போகாததும் அதே பயத்தில்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவர் வசீகரனுக்குப் போன் எடுத்தார். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"டேய், நாளைக்கு என்னை அங்க கூட்டிக்கொண்டு போ."

"எங்க அங்கிள்?"

"எங்கையெண்டு உனக்குத் தெரியாதோ? ஞாயிற்றுக்கிழமை உன்ர மாமன்காரன் வரப்போறார். நான் என்ன சொல்லவேணுமெண்டு நாளைக்கு எனக்குக் காட்டு. சறுக்கிற சாமானையும் கொண்டுவா."

"விடிய அஞ்சு மணிக்கு வாறன்" என்றான் வசீகரன். "நல்ல சப்பாத்தாப் போடுங்கோ, அங்கிள்."

காலையில் யோகராணி புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக் கொடுத்தாள். தவராசா குசினியில் நின்று, பழைய வேட்டித் துண்டில் ஒரு பிடி கல்லுப்பும் ஏழு செத்தல் மிளகாயும் வைத்து முடிச்சுப் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்தார். அது அவருடைய லொறிக்காலப் பழக்கம். ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த முடிச்சுத் தொங்காமல் அவர் ஒருநாளும் வண்டி எடுத்ததில்லை. முன்னுக்குப் போன வண்டி வெடித்தது, பின்னுக்கு வந்த வண்டி வெடித்தது, தன் வண்டியில் ஒரு கண்ணாடி உடையவில்லை என்பார். சாமியையே பாதிதான் நம்புகிறவர், உப்பையும் மிளகாயையும் முழுதாக நம்பினார். வீட்டிலிருந்து தூரம் போகிற எவரும் அது இல்லாமல் படி இறங்கக் கூடாது.

"அண்டைக்கு அவனுக்கும் கட்டிக் குடுத்தனீங்கள்தானே?" என்று யோகராணி கேட்டாள். இரண்டு வருடத்தில் இருபது தரம் கேட்டிருப்பாள். அந்தப் பதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

"நான்தான் பையின்ர வெளிப் பொக்கட்டுக்குள்ள வைச்சுத் தைச்சு விட்டனான். கையை விட்டுப் போகக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினனான். என்ன செய்யிறது? ஆரின்ரையோ கண் அதைவிடப் பொல்லாத கண்."

வசீகரன் மெலிந்துபோயிருந்தான். இரண்டு வருடத்தில் முன்நெற்றி ஏறிவிட்டது. கார் தெற்கே ஐந்து மணித்தியாலம் ஓடியது.

"ஏன்ரா மாசியில?" என்று மூன்று மணித்தியாலம் போன பிறகு தவராசா கேட்டார். "குளிர்காலம் உங்களுக்குக் காணாதே?"

"பன்னிரண்டு மாதமும் விடாமச் சறுக்கவேணுமெண்டு அவனுக்கு ஆசை, அங்கிள். மாசியும் பங்குனியும்தான் கஷ்டம். பனி தேடிப் போகவேணும்."

"பன்னிரண்டு மாதமும் சறுக்கினால் என்ன குடுப்பாங்கள்?"

"ஒண்டும் குடுக்க மாட்டாங்கள்."

"விசரர்."

"ஓம்" என்றான் வசீகரன். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

கார் நிற்கிற இடம் மலையின் இடுப்பில். அங்கிருந்து நடை. குளிர்காலத்தில் ஆளை ஏற்றுகிற கதிரைகள் கம்பியில் அசையாமல் வரிசையாகத் தொங்கின. மேலே போகிற வரிசையிலும் ஆளில்லை, கீழே வருகிற வரிசையிலும் ஆளில்லை. எரிமலைச் சாம்பலும் கல்லுமாகக் கிடந்த தரையில் தவராசாவின் முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கணக்குக் கேட்டது. வசீகரன் பலகைகளை முதுகில் கட்டிக்கொண்டு முன்னே போனான். இருபது அடிக்கு ஒருக்கால் நின்று திரும்பிப் பார்த்தான். கையைப் பிடிக்கட்டுமா என்று ஒருதரம் கேட்டான்.

"விழுந்தால் விட்டிட்டுப் போ. உனக்குப் பழக்கம்தானே" என்றார் தவராசா.

அவன் முன்னால் திரும்பி நாலடி வைத்தான். பிறகு வேறு ஒன்று சொன்னான். "அங்கிள், வேர்வை துடைக்கிற துவாயை வெளியில விடாதேங்கோ. சலம் பெய்யிறதெண்டாலும் தூரப் போய்ப் பெய்யுங்கோ. ஆடுகள் வரும்."

"சலத்துக்கோ?"

"உப்புக்கு. இந்த மலையில அதுகளுக்கு உப்பில்லை."

ஆட்டைப் பற்றி எனக்குப் பாடமெடுக்கிறான் என்று தவராசா மனதுக்குள் ஏசினார். இரண்டு மணித்தியாலம் ஏறிய பிறகு ஒரு பாறையின் மறைவில் ஒதுங்கினார். பாதியில் இருக்கும்போது பின்னால் மூச்சு விடும் சத்தம். திரும்பினால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிடாய். கறுப்பு முகம், தாடி, இரண்டு பக்கமும் விரிந்த கொம்பு. அதற்குப் பின்னால் நாலைந்து மறிகள். ஒன்றும் அசையவில்லை. கடை திறக்கும்வரை நிற்கிற சனம்போல நின்றன.

"சூ! போ!" என்றார்.

கிடாய் காதை மட்டும் ஆட்டியது. அவர் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு இரண்டடி விலக, அது அவரைத் தள்ளாத குறையாக உள்ளே வந்து, ஈரக் கல்லை நக்கத் தொடங்கியது. மற்றவையும் வந்தன. கல்லில் குளம்பு படும் சத்தம் எழும்பியது. டக், டக்.

தவராசா அப்படியே நின்றுவிட்டார். இரண்டு வருடமாக ரானுயியில் தன் கராஜுக்குள் கேட்கிற சத்தம் இது. ஸ்கீ சப்பாத்தின் சத்தம் என்று நினைத்தது. இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எதைக் கேட்டேன், எது என் வீட்டுக்குள் நடந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. காற்சட்டையின் சிப்பைக்கூட மூடாமல் வசீகரனிடம் வந்து சேர்ந்தார்.

"கண்டனீங்களோ?" என்று அவன் கேட்டான்.

"ஆடுதானே. நான் காணாத ஆடோ?"

பனி கிடந்த இடத்தைப் பார்த்தபோது அவருக்குக் கோபம் வந்தது. இரண்டு பாறைக்கு நடுவில், வெயில் படாத பள்ளத்தில், சாம்பல் படிந்த ஒரு அழுக்குக் கீலம். நூறு யார் நீளம் இருக்கும், ஒரு லொறி போகிற அகலம். கையால் தொட்டால் சீனிக்கட்டிபோலக் கரகரத்தது. கீழே முடிகிற இடத்தில் கற்குவியல்.

"இதுக்கோ என்ர பிள்ளை செத்தவன்?"

"ஓம், அங்கிள். இதுக்குத்தான்."

வசீகரன் இரண்டு வருடமாகச் சறுக்கவில்லை என்றான். சப்பாத்தை மாற்றும்போது கொக்கியை இரண்டு தரம் தவறவிட்டான். "நாங்கள் என்ன செய்தனாங்களெண்டு நீங்கள் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு, பலகைகளைத் தோளில் வைத்துப் பள்ளத்தின் ஓரத்தால் ஏறிப் போனான். தவராசா நடுவில் ஒரு கல்லில் குந்தினார். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டமாய்ப் புகார் இறங்கியது. முதலில் மேல் பாறை மறைந்தது, பிறகு பனியின் தலைப்பு, பிறகு வசீகரன்.

சத்தம்தான் முதலில் வந்தது. பனியைப் பலகை சுரண்டி வறுகுகிற சத்தம். ஒரு வளைவு, மறு வளைவு. அந்தச் சத்தத்துக்குள் இன்னொன்றும் கேட்டது. முதலாவது இடப்பக்கம் வறுக, அரை நொடி பிந்தி வலப்பக்கம் மற்றது வறுகியது. ஒருவன் வழி விட, மற்றவன் பின்னால் வருகிற மாதிரி. தவராசா எழும்பி நின்றார். புகாரைக் கிழித்துக்கொண்டு ஒருவன் வந்தான். முழங்கால் மடித்து, கை இரண்டையும் முன்னே நீட்டி, பாரமேயில்லாத ஒரு உருவம். ஒரு கணம், ஒரே ஒரு கணம், "தம்பி!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டார். மகனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

வசீகரன் அவருக்குப் பக்கத்தில் பலகையைக் குறுக்கே போட்டு நின்றான்.

"கூப்பிட்டனீங்களோ?"

"மற்றது எங்க?"

"எது?"

"பின்னால வந்தது."

வசீகரன் மேலே பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். "பாறையில பட்டு எதிரொலிச்சிருக்கும்" என்றான், மெதுவாக. அவன் குரலிலும் உறுதி இல்லை.

சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்தக் கல்லில்தான் அன்றைக்கும் இருந்தோம் என்று வசீகரன் காட்டினான். தவராசா புட்டுப் பார்சலைப் பிரிக்கவுமில்லை, டக் டக் என்று வந்துவிட்டது. அதே கறுப்பு முகக் கிடாய். அது புட்டைப் பார்க்கவில்லை. நேரே அவர் நெஞ்சுக்கு வந்தது. மூக்கைச் சட்டைப்பைக்குள் விட்டு, உதடு சுருக்கி, முடிச்சின் தலைப்பைப் பல்லால் பிடித்தது.

"விடு சனியனே!" தவராசா இரண்டு கையாலும் முடிச்சைப் பிடித்தார். நாற்பது வருடம் தன்னைக் காத்த சாமான். கிடாய் பின்னால் இழுத்தது. அவர் எழும்பி அதோடு இரண்டடி போனார், பனியோரத்துக்கு. சப்பாத்துச் சறுக்கியது.

"விடுங்கோ அங்கிள்! குடுத்திடுங்கோ! ஐயோ விடுங்கோ!"

அப்படி ஒரு குரலை அவர் சண்டைக்காலத்தில்தான் கேட்டிருக்கிறார். வசீகரன் பாய்ந்து அவர் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து நிலத்தில் விழுத்தினான். துணி கிழிந்தது. கிடாய் முடிச்சோடு பனியைக் குறுக்கே கடந்து, அந்தப் பக்கப் பாறையில் ஏறி, காலால் மிதித்துக் கிழித்து உப்பை நக்கியது. மிளகாயையும் தின்றது. தின்றுகொண்டே இவர்களைப் பார்த்தது.

இருவரும் விழுந்தபடியே கிடந்தார்கள். வசீகரன் கையை எடுக்கவில்லை. அவன் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஆட்டுக்கு இவ்வளவு நடுக்கம் எதற்கு? தவராசா கொஞ்சம் கொஞ்சமாக விளங்கிக்கொண்டார். பள்ளிக்கூடத்தை ஐந்தோடு விட்ட தலைதான், ஆனால் கணக்குப் பிழைக்காத தலை.

"பையில சாண்ட்விச் இருக்கேல்லை, என்ன?"

அவன் அந்தப் பக்கக் கிடாயையே பார்த்தான்.

"டேய். பையில என்ன இருந்தது?"

"சாண்ட்விச்சும் இருந்தது, அங்கிள்."

"கிடாய் எதை இழுத்தது?"

"வெளிப் பொக்கட்டை." வசீகரன் எழும்பி உட்கார்ந்தான். முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டான். "பையோட இழுத்துக்கொண்டு போச்சு. விடு மச்சான் எண்டு சொன்னனான். 'அப்பா கட்டித் தந்தது, துலைச்சனோ மனிசன் என்னைக் கொல்லும்' எண்டு சிரிச்சுக்கொண்டு ஓடினவன். ஸ்கீ சப்பாத்தோட. அவ்வளவுதான்."

"பிறகு?"

"வேண்டாம், அங்கிள்."

"சொல்லடா."

"கீழ இறங்கிப் போனன். மூச்சு இருந்தது. போனில சிக்னல் இல்லை, கையில கிடந்த, உதவி கூப்பிடுற பீக்கனை அமத்தினன். ஹெலிகொப்டர் வர ரெண்டரை மணித்தியாலம். ஆடுகள் சுத்திவர வந்து நிண்டதுகள். அவன்ர முகமெல்லாம் வேர்வை... நக்க வந்ததுகள். நான் ஒரு கையால அவனைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையால கல்லெறிஞ்சு கொண்டே இருந்தன். ஹெலி வரைக்கும் எறிஞ்சனான். அதுக்கு முன்னமே அவன் போயிட்டான். அது தெரிஞ்சும் எறிஞ்சனான்."

புகார் அவர்கள் இருவரையும் மூடியது. அந்தப் பக்கப் பாறையில் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. தவராசா கிழிந்த சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தார். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது.

இறங்கும்போது அவன் கையைப் பிடித்தான். அவர் பிடிக்க விட்டார்.

கார் நகரத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் வசீகரன் கதைத்தான். "அங்கிள், இதை அன்ரிக்குச் சொல்லாதேங்கோ. இரத்தினசிங்கம் அங்கிளுக்கும் சொல்லாதேங்கோ. எனக்கு இது இல்லையெண்டால் இன்னொரு பேச்சு வரும். உங்களுக்கு அன்ரி ஒராள்தான்."

"ரெண்டு வருசம் நான் உன்னை நாய் பேய் எண்டு ஏசினன். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்தானே?"

"சொல்லி?" என்றான் அவன்.

வீட்டில் யோகராணி வாசலில் நின்றாள். "பாத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"பாத்தன். ஆடு இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் அவருடைய கிழிந்த சட்டையைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரத்தினசிங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். யோகராணி தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். இரத்தினசிங்கம் கதிரையின் நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"அப்ப, அண்ணை... பொடியன் எப்பிடி?"

"நல்ல பொடியன். தங்கமான பொடியன். யோசிக்காமல் செய்."

இரத்தினசிங்கம் கண்ணைச் சுருக்கினார். அவரும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. "போன வருசம் கோயில்ல நீங்கள் வேறமாதிரிச் சொன்னதாக் கேள்வி."

"அது நான் விசர்க்கதை கதைச்சது."

"அப்ப இப்ப ஏன் மாத்திறியள்? பொடியன் வந்து காலில விழுந்தவனோ?"

"அவன் ஏன் விழவேணும்?"

"பின்னை? குறை நினைக்காதேங்கோ, அண்ணை. எனக்கு ஒரு மகள்தான். போன வருசம் 'சாகவிட்டிட்டு வந்தவன்', இந்த வருசம் 'தங்கம்'. இதில எது பொய்யெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" அவர் எழும்புகிறவர்போலக் கார்த் திறப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "பரவாயில்லை. வேற இடம் பாப்பம்."

தவராசா அந்த மனிதரைப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்தது அவரேதான். ஒருவர் சொல்லையும் நம்பாத, எதற்குள்ளும் ஒரு பொய்யைத் தேடுகிற மனிதன். இந்த மனிதனைச் சும்மா ஒரு நல்ல வார்த்தையால் திருப்ப முடியாது. என்ன கொடுத்தால் நம்புவான் என்று அவருக்குத் தெரியும். சொல்கிறவனுக்கே அடி விழுகிற கதையைச் சொன்னால்தான் நம்புவான்.

குசினியில் கரண்டி கோப்பையில் படும் சத்தம் கேட்டது. அவள் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாமா என்று ஒரு எண்ணம் ஓடியது. அடுத்த எண்ணம், அவள் கேட்கத்தான் வேண்டும் என்றது. எந்த எண்ணம் வென்றது என்று அவருக்கே தெரியாது. வாய் திறந்துவிட்டது.

"இரு. கேட்டிட்டுப் போ. என்ர பிள்ளையை ஆடு கொல்லேல்லை, வசீகரனும் கொல்லேல்லை. உப்பு முடிச்சு ஒண்டு கட்டிப் பையில தைச்சுவிட்டனான், நான். அந்த மலையில ஆடுகள் உப்புக்கு அலையுது. அதை இழுத்தது. நான் வாங்கின சத்தியத்துக்காகப் பிள்ளை பின்னால ஓடினவன். வசீகரனுக்கு இது முதல் நாளே தெரியும். நான் கோயில்ல வைச்சு அவனைக் கிழிக்கேக்கையும் தெரியும். எனக்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவன். இப்ப சொல்லு, உன்ர மகளுக்கு இதைவிட நல்ல குணம் எங்க தேடப்போறாய்?"

ஒருமூச்சில் சொன்னார். பார்த்தால், யோகராணி இரண்டு கோப்பையோடு கதவடியில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கோப்பைகள் ஆடவில்லை. நேரே வந்து ஒன்றை இரத்தினசிங்கத்துக்கு முன்னாலும் ஒன்றைக் கணவனுக்கு முன்னாலும் வைத்தாள். "ஆற முன்னம் குடியுங்கோ" என்று வந்தவருக்குச் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

இரத்தினசிங்கம் தேத்தண்ணியைக் குடித்தார். குடிக்காமல் எழும்பவும் முடியாது. முடித்துவிட்டுத் தவராசாவின் தோளில் கையை வைத்தார், எடுத்தார். "நாள் பாக்கச் சொல்லுறன், அண்ணை" என்று சொல்லிக்கொண்டு போனார்.

அவர் கார் போன பிறகு தவராசா முற்றத்தில் நின்று வசீகரனுக்குப் போன் எடுத்தார். "சொல்லிப்போட்டன்" என்றார்.

"அன்ரிக்கும் கேட்டதோ?"

"கேட்டது."

"ஏன் அங்கிள்..." என்று தொடங்கினவன் முடிக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. தவராசா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் போக அவருக்குப் பயமாயிருந்தது.

ஒரு மணிக்கு யோகராணி சாப்பிடக் கூப்பிட்டாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. சோறு, பருப்பு, மீன்குழம்பு, முருங்கையிலை வறை. ஞாயிற்றுக்கிழமைச் சமையல். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தவராசா குழம்பை விட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

உப்பில்லை.

பருப்பைத் தொட்டார். அதிலும் இல்லை. வறையிலும் இல்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் கையில் உப்புப் பிழைத்ததில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் தன் தட்டிலிருந்து பிசைந்து, வாயில் வைத்து, மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. முழுவதையும் தின்றார். அவள் இன்னொரு கரண்டி சோறு போட்டாள், அதையும் தின்றார்.

இராச் சாப்பாட்டிலும் உப்பில்லை. அடுத்த நாளும் இல்லை.